ஒளியில் எழுதும் நினைவகமும் வவுனியா பஸ்ஸில் போன ஹார்ட் டிஸ்க்கும்

கடந்த மாசியில் கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றில் ஹோலோகிராம் தரவுச் சேமிப்பைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். படிகத்தின் மேற்பரப்பில் மட்டுமல்ல, ஆழத்திலும் லேசர் ஒளியால் எழுதலாம். கோணத்தை மாற்றினால் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக அடுக்கலாம். பல பத்தாண்டுகளாக 'இதோ வருகிறது' என்கிறார்கள். கடைக்கு இன்னும் வரவில்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னேன், கைதட்டல் குறைந்துவிடுமே என்ற பயம்.

முடிந்ததும் அங்கே படிப்பிக்கும் சுகந்தி ரீச்சர் ஒரு ஹார்ட் டிஸ்க்குடன் வந்தார். கணவர் போன வருடம் நோயில் இறந்துவிட்டார். அவர் இருக்கும் வீடியோக்கள் எல்லாம் இதற்குள்தான், வேறு பிரதி இல்லை. இரண்டு நாளாக 'டிக் டிக்' என்று சத்தம். டிஸ்க்கின் மேல் சந்தனப் பொட்டு. சாமி அறையில் விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாராம். அந்தச் சூட்டை நினைக்க எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தரவு மீட்கும் கடை வவுனியாவில், நானும் கூடப் போனேன். ஏ-9 வீதியில் எண்பது கிலோமீற்றர் போல, பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். ரீச்சர் டிஸ்க்கைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார், என்னிடம் தரவில்லை. மாங்குளம் தாண்டி சாரதி முந்திய முந்தலில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒளிச் சேமிப்பு எப்போது வரும் என்று ரீச்சர் கேட்டார். தெரியாது என்றேன். அவர் துவாயை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

கடைக்காரர் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். இடையில் நின்றுவிடலாம், மிக முக்கியமானதை முதலில் சொல்லுங்கள் என்றார். கல்யாண வீடியோ என்றேன் நான், முந்திரிக்கொட்டை. ரீச்சரோ, திரையில் இருந்த பட்டியலில் மகள் முதன்முதலில் நடந்த வீடியோவைக் காட்டினார். அதன் சிறுபடத்தில் குழந்தை மட்டும்தான், உங்கள் கணவர் இல்லையே என்றேன்.

"ஓம், எடுத்தவர் அவர்தான். முகம் சுவரில தொங்குது, சேர். பிள்ளைக்குக் குரல் வேணும்."

அந்த வீடியோ பிரதியாகி முடிந்தது. கல்யாண வீடியோ தொடங்கிச் சற்று நேரத்தில் டிஸ்க் நின்றது. பிறகு அசையவே இல்லை. எனக்கு ரீச்சரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவரோ, மீட்டெடுத்த அந்த வீடியோவைப் போடச் சொன்னார். திரையில் தள்ளாடும் குழந்தை மட்டும். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்: "வாங்கோ அம்மா, அப்பாட்ட வாங்கோ." ரீச்சர் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

இந்தப் பயணம் போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸைப் பிடியுங்கள், பின்சில்லுக்கு மேல் உட்காராதீர்கள், தூக்கித் தூக்கிப் போடும். ஹோலோகிராம் வரும் என்று இன்னும் நம்புகிறேன். ஆனால் இன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். அடுத்த முறை வீடியோ எடுக்கும்போது, கமரா பிடிப்பவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.