பாதிச் சம்பளம், முழுக் குளிர்

சூடாக்குவதும் குளிராக்குவதும் ஒரே தொழில்தான். ஆனால் அதைச் செய்கிறவரை மாரியில் சூடு நின்றுபோன வீட்டுக்கும் கோடையில் குளிர் நின்றுபோன வீட்டுக்கும்தான் கூப்பிடுவார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் கொஞ்சப் பேராவது முப்பது வயது தாண்டிய பிறகு திரும்பவும் முதலாம் வகுப்பில் போய் இருந்தவர்களாய் இருப்பீர்கள். கணக்காளராய் வந்து கோப்பை கழுவியவர்கள், ஆசிரியையாய் வந்து அயல்வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தவர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நான் பத்து வருடம் மொன்றியலில் ஒரு தையல் தொழிற்சாலையில் மாரிக் கோட்டுகளுக்கு ஸிப் வைத்துத் தைத்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு அப்படியான தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. எங்களுடையதும் மூடியபோது எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு மகள். கணவருக்கு உணவகமொன்றில் சமையல் வேலை.

வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு பெண் எனக்கு மடித்த தாளொன்றைத் தந்தாள். கட்டடங்களைச் சூடாக்கும், குளிராக்கும் இயந்திரங்களைப் பூட்டித் திருத்தும் தொழில். ஒன்றரை வருடம் படிப்பு, பிறகு நாலு வருடம் பயிற்சியாள். கடைசிப் பக்கத்தில் சிரிக்கிற ஓர் ஆளின் படம், அதற்குக் கீழே தேர்ந்த மெக்கானிக்கின் மணித்தியாலச் சம்பளம் தடித்த எழுத்தில் இருந்தது. நான் கடைசிப் பக்கத்தைத்தான் கவனமாய் வாசித்தேன்.

நேர்முகம்

வகுப்பில் இருபது ஆண்கள், நான் ஒருத்தி. படித்து முடித்து மூன்று மாதம் வேலை தேடினேன். பெயரை வைத்து ஆண் என்று நினைத்துக் கூப்பிட்டவர்கள் என் குரலைக் கேட்டதும் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். கடைசியில் மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு சின்னக் கம்பனி வரச் சொன்னது. முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். என் சான்றிதழை அவர் திறந்தும் பார்க்கவில்லை. இரும்பு முனை வைத்த சப்பாத்து இருக்கிறதா, வாகன அனுமதி இருக்கிறதா, கைக்கருவிகள் சொந்தமாய் இருக்கிறதா என்று கேட்டார். ஐம்பது இறாத்தல் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுவீர்களா என்றும் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். கருவிகள் வாங்க என் காப்பு இரண்டை விற்றதை அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு அவர் சம்பளத்தைச் சொன்னார். மெக்கானிக்கின் சம்பளத்தில் பாதி. அதுவும் வேலை இருக்கிற மணித்தியாலங்களுக்கு மட்டும். தையல் ஆலையில் கடைசி வருடம் எனக்குக் கிடைத்ததைவிட அது கொஞ்சம் குறைவு. நான் பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்து, கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். இன்றைக்கும் அதை நினைக்க எனக்கு முகம் சுடும். அவர் கோபிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார், திருப்பித் தந்தார்.

"இந்தச் சம்பளம் இந்தப் படத்தில் இருக்கிற ஆளுக்கு, மதாம். உங்களுக்கு அல்ல."

புரோசார்ட் கூரை

என்னை மத்தியூ என்கிற மெக்கானிக்கோடு சேர்த்துவிட்டார்கள். அவனுக்கு இருபத்தாறு வயது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு, சம்பளம் என்னைப்போல் இரண்டு மடங்கு. என் பெயர் வதனி. அவனுக்கு அது கடைசிவரை வடனி. கெட்டவன் இல்லை. ஆனால் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவுமில்லை. அவனுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை என்று நினைக்கிறேன். நான் வெளிச்சம் பிடிப்பேன், பெட்டி தூக்குவேன், வேலை முடியக் கூட்டித் துடைப்பேன். முதலாம் வருடத்தில் எதிர்பார்ப்பது அவ்வளவுதான் என்றான்.

தை மாதம் புரோசார்ட்டில் ஒரு கடைத்தொகுதியின் கூரையில் வேலை. காற்று நிற்க விடவில்லை. இயந்திரத்தின் மூடியைக் கழற்றித் திருகாணிகளை நான் கையில் வைத்திருந்தேன். கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு கட்டத்தில் கையைப் பார்த்தால் திருகாணி ஒன்றும் இல்லை. எப்போது விழுந்தது என்று தெரியாது. இரண்டு பேரும் முழங்காலில் நின்று பனிக்குள் காந்தத்தை விட்டு ஒரு மணித்தியாலம் தேடினோம். எட்டில் ஐந்து கிடைத்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, அது இமையிலேயே உறைந்தது. இன்றோடு என்னை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். கீழே இறங்கிக் கம்பனி வானுக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டுவிட்டு மத்தியூ தன் கோப்பியில் பாதியை என் கோப்பைக்குள் ஊற்றினான்.

"சம்பளத்தில்தான் உனக்குப் பாதி, வடனி. குளிரில் முழுப் பங்கு தருவார்கள்."

பூட்டு

புதிதாய் எழும்புகிற அடுக்குமாடி ஒன்றில் மூன்று கிழமை குழாய் இழுத்தோம். அறுபது ஆண்கள், ஒரே ஒரு பிளாஸ்டிக் கழிப்பறை. அதன் கதவு பூட்டாது. முதல் நாள் காலை ஏழு மணி முதல் பின்னேரம் மூன்றரை வரை நான் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் அரை மணித்தியாலம் நடந்து ஒரு தெப்பனருக்கு, மூலைக் கடைக்குப் போய், தேவையில்லாத சூயிங்கம் வாங்கி, கழிப்பறைக்குப் போகலாமா என்று அந்தக் கடைக்காரரிடம் கேட்டேன். மூன்றாம் நாள் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாம் வருடக்காரர் யாரும் இதுவரை பூட்டுக் கேட்டதில்லை, மதாம்."

கர்க்லாண்ட் வீட்டு அம்மா

ஆடி மாதம். கர்க்லாண்டில் ஒரு டாக்டர் வீட்டில் குளிரூட்டி நின்றுவிட்டது. தமிழ்நாட்டுக்காரர்கள், முப்பது வருடமாய் இங்கே இருக்கிறவர்கள். மத்தியூவை இடையில் வேறு இடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீயே பார், ஏதும் என்றால் போன் எடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தனியாக நான் பிடித்த முதல் பழுது அது. விசிறியை ஓட்டுகிற மின்தேக்கி வீங்கிப்போய் இருந்தது. மாற்றினேன். விசிறி சுழலத் தொடங்கியதும் அதை நிறுத்தி, திரும்பவும் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன், சந்தோஷத்தில்தான்.

டாக்டரின் மனைவி வெளியே வந்து என் கழுத்தில் இருந்த தாலிக்கொடியைப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழா?" என்றார். ஓம் என்றேன். உள்ளே கூப்பிட்டு மோர் தந்தார். கணவர் என்ன வேலை, பிள்ளை எத்தனை, ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டார். இந்த வேலைக்கு வந்த பிறகு போன ஒரு வீட்டிலும் என்னை யாரும் கதிரையில் இருத்திக் கதைத்ததில்லை. நான் நிறையவே சொல்லிவிட்டேன்: முதலாம் வருடம் என்பது, பாதிச் சம்பளம் என்பது, எல்லாமே. அவர் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு நான் பில்லை நீட்டினேன். அதை இரண்டு தரம் வாசித்தார்.

"ட்ரெயினிதானே வேலை செஞ்சீங்க, உங்களுக்கே பாதிதான் தர்றாங்கன்னா பில்லும் பாதிதானே போடணும்?"

சிவப்புத் துண்டு

எனக்கு இன்னும் மறக்காதது இதுதான். அடுத்த மாரி. லாசாலில் ஒரு பழைய வீடு. கதவைத் திறந்தது முப்பது வயதுகூட இல்லாத ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் சோபாவில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள் போர்வைக்குள். சூடு விட்டு விட்டு வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் கதைத்த பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்கள் தமிழோ?" என்றாள். ஓம் என்றதும் அவளுடைய தோள் இரண்டும் இறங்கியதைக் கண்டேன். "நல்லகாலம். எனக்கு இவையின்ரை பாஷை ஒண்டும் பிடிபடுறேல்லை."

நிலவறையில் மத்தியூ ஃபர்னஸைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்தான். நெருப்பு எரிகிற அறைக்கும் வீட்டுக்குள் போகிற காற்றுக்கும் நடுவில் ஓர் இரும்புச் சுவர் இருக்கும். அது என் நடுவிரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அதற்குள்ளால் வருகிற புகைக்கு மணமில்லை. ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மத்தியூ எண்ணெய்க் குழாயைப் பூட்டினான், இனி இதைப் பாவிக்கக்கூடாது என்று எழுதிய சிவப்புத் துண்டைக் கட்டினான். "நீ போய் அவளுக்குச் சொல்லு" என்றான்.

மேலே போய், பிள்ளைகளுக்குத் தலையிடி ஏதும் இருந்ததா என்று முதலில் கேட்டேன். "ஓம் அக்கா, காலமை எழும்பேக்கை சொல்லுறவை. மூத்தவன் ரெண்டு நாளாய்ச் சத்தியும் எடுத்தவன்." கீழே கண்டதைச் சொன்னேன். தலையிடியும் வாந்தியும் அந்தப் புகையால்தான் இருக்கும், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். அவள் முகம் மெல்ல மாறியது. புருஷன் வேலையால் வரப் பின்னேரமாகும், வீடு வாங்கி நாலு மாதம்தான், புது ஃபர்னஸ் போட ஒரு வழியும் இல்லை என்றாள். "இண்டைக்கு ஒரு நாள் விடச் சொல்லுங்கோ அக்கா. நாங்கள் யன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறம். நீங்கள் சொன்னால் கீழை நிக்கிறவர் கேப்பார்." நான் மத்தியூவிடம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். "ஏலாது தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். அவள் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாய்க் கோட்டுப் போட்டாள். மத்தியூ வானில் கிடந்த இரண்டு மின்சூடேற்றிகளைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். கம்பனி அதற்கு அனுமதிப்பதில்லை. நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அந்தப் பொடியன் மட்டும் வந்திருந்தால் பாஷை விளங்கேல்லை எண்டு சொல்லி நிண்டிருப்பன். நீங்கள் வந்ததாலை அதுவும் ஏலாமல் போச்சு."

சித்திரை

இந்தத் தொழிலில் சித்திரையும் ஐப்பசியும் பஞ்ச மாதங்கள். யாருக்கும் சூடும் வேண்டாம், குளிரும் வேண்டாம். போன் அடிக்காது. வீட்டில் இருந்துகொண்டு நான் காலநிலை அறிக்கை பார்ப்பேன், குளிர் திரும்பி வராதா என்று. மகள் பள்ளிக்கூடத்துக்கு மெல்லிய கோட்டோடு போகலாம் என்று சந்தோஷப்படுகிற அதே காலையில் அப்படி நினைத்தேன். வெட்கமாய்த்தான் இருந்தது.

வேலை செய்த மணித்தியாலங்களை ஒரு புத்தகத்தில் பதிந்து கையெழுத்து வாங்கவேண்டும். குறித்த அளவு சேர்ந்தால் இரண்டாம் வருடம், சம்பளமும் ஒரு படி ஏறும். எனக்கு இன்னும் ஐந்தாறு கிழமைதான் இருந்தது. அந்தச் சித்திரையில் முதலாளி கூப்பிட்டு, வேலை குறைவு, திரும்ப எடுக்கிற நேரம் அறிவிப்போம் என்றார். நான் நம்பினேன். வேலை குறைவு என்பது எனக்கே தெரிந்த விஷயம்தானே. வைகாசி முழுக்கக் காத்திருந்தேன். வெயில் ஏறியது, எல்லா வீட்டு யன்னலிலும் குளிரூட்டி இரைந்தது, என் போன் மட்டும் அடிக்கவில்லை. கடைசியில் நானே மத்தியூவுக்கு எடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து புதிதாய் ஒருவனை எடுத்திருக்கிறார்கள், இப்போது அவன்தான் வெளிச்சம் பிடிக்கிறான் என்றான். நான் என்ன பிழை விட்டேன் என்று கேட்டேன்.

"பிழை ஒன்றும் இல்லை, வடனி. ஆனி வந்தால் நீ விலை ஏறியிருப்பாய், அவ்வளவுதான்."

அடுத்த கம்பனி

அன்றைக்கு நான் கணவருக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில், கம்பனி கூப்பிட்டுவிட்டது என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கி மெத்ரோ ரயிலில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அவர் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்துவிட்டு, "திரும்பத் தைக்கப் போறீரோ?" என்று மட்டும் கேட்டார். தைக்கப் போக ஆலை எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல, இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இலையுதிர் காலத்தில் இன்னொரு கம்பனி எடுத்தது. என் புத்தகத்தை மேசையில் வைத்து, இன்னும் ஐந்தாறு கிழமை போனால் நான் இரண்டாம் வருடம் என்று விளக்கினேன். அந்த மனேஜர் பக்கங்களைப் புரட்டினார். வேறொரு இடத்தில் பழகியது தங்களுக்குக் கணக்கில்லை, முதலாம் வருடச் சம்பளத்தில் தொடங்கி ஒரு வருடம் பார்ப்போம் என்றார். சரியில்லை என்று எனக்குத் தெரியும். எங்கே போய் முறையிடுவது என்றும் கேள்விப்பட்டிருந்தேன். முறையிட்டவர்களை அதற்குப் பிறகு யாரும் எடுப்பதில்லை என்றும் கேள்விப்பட்டிருந்தேன். மகளுக்கு அந்த மாதம் புதுப் பனிச் சப்பாத்து வேண்டியிருந்தது. பேனையை எடுத்தேன். அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"இதைக் கவனமாய் வைத்திருங்கள் மதாம், பிறகு எங்காவது உதவும்."

அந்த மடித்த தாள் நாலு வருடம் என்று சொன்ன பயிற்சியை நான் ஏழு வருடத்தில் முடித்தேன்; அதற்குப் பிறகு போன கம்பனியையும் சேர்த்து முதலாம் வருடத்தை மட்டும் மூன்று தரம் செய்தபடியால், அந்த ஒரு வருடத்தில் என்னைவிடக் கைதேர்ந்த மெக்கானிக் மொன்றியலில் யாரும் இருக்க மாட்டார்கள்.