பஞ்சாமிர்த டப்பாவில் பதினோரு லாரி

கொடைக்கானல் பக்கம் பள்ளங்கி என்ற ஊரில் வேலுத்தாய்க்குச் சொந்தமாகப் பதினோரு லாரி உண்டு. பதினொன்றும் வெளிநாட்டில் ஓடுகின்றன. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம், சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

லாரிகள் எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்தன. விளையாட்டு ஓர் உள்ளங்கை அகலக் கறுப்பு ஹார்டு டிரைவுக்குள் இருந்தது. அந்த டிரைவ் ஒரு அரைக் கிலோ பஞ்சாமிர்த டப்பாவுக்குள், அரிசியில் புதைந்து கிடந்தது. டப்பா இருந்த இடம் சாமி அலமாரி, முருகன் படத்துக்கு இடப்பக்கம். குளிக்காமல் யாரும் அங்கே கை வைக்க மாட்டார்கள். அவள் புருஷன் சின்னச்சாமி குளித்துவிட்டும் வைக்க மாட்டார்.

சின்னச்சாமியிடம் நிஜமாகவே ஒரு பிக்கப் வண்டி இருந்தது. மலைப்பூண்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்கு இறங்குவார். பக்கத்து சீட்டில் வேலுத்தாய், அவள் மடியில் சோற்றுத் தூக்கு. இருபத்தாறு வருஷமாக இதே ஏற்பாடு. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை, "எனக்கும் ஓட்டச் சொல்லித் தாங்களேன்" என்று கேட்டாள்.

"ஒனக்கெதுக்கு அந்தச் சோலி? வளைவுல கண்ணைக் கட்டிரும்" என்றார் அவர். இதைச் சொன்ன மனுஷனின் வண்டியில் இரண்டு பக்கமும் கீறல், பின்னால் ஒரு விளக்கு கிடையாது, முன்னால் உள்ள பள்ளம் எந்த மைல்கல்லில் விழுந்தது என்று ஊருக்கே தெரியும். வேலுத்தாய் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

மகள் பாண்டிச்செல்விக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வந்தபோதுதான் லாரியும் வந்தது. யாரோ தோழி கொடுத்த விளையாட்டு. மகள் இரண்டு நாளில் சலித்துப்போய் விட்டுவிட்டாள், அம்மா பிடித்துக்கொண்டாள். லேப்டாப்பில் இடம் இல்லை, பாடம் எல்லாம் மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று கத்திய மகள், கடைசியில் விளையாட்டையே ஒரு டிரைவில் தூக்கிப் போட்டுக் கொடுத்தாள். ஓட்டிய தூரம், லாரிக் கணக்கு எல்லாமே அதிலேயே சேரும்படி செய்துவைத்தாள். "எந்தக் கம்ப்யூட்டர்ல வேணும்னாலும் சொருகிக்கோ, ஓடும். ஆனா இது ஒண்ணுதாம்மா இருக்கு. தொலைச்சிராத" என்று சொல்லிவிட்டு, வேலை கிடைத்ததும் லேப்டாப்போடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள்.

சொருகுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே. சந்தை இல்லாத நாட்களில் வேலுத்தாய் கொடைக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் செய்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, விருந்தாளிகள் எல்லாம் பனியைப் பார்க்கப் பனிக்குள் போய்விட்டால், ரிசப்ஷன் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். மேனேஜர் ஜெயமுருகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"அக்கா, என் சிஸ்டத்துல எதையும் ஏத்தக் கூடாது. மொதலாளி பாத்தா என்னைய ஊருக்கு பஸ் ஏத்திருவாரு."

"ஒன் பெட்டியில ஒரு துரும்பு இருக்காது தம்பி. வாரேன், ஓட்டுறேன், எடுத்துட்டுப் போறேன்."

அப்படித்தான் ஆறு வருஷம் ஓடியது. ஒருமுறை விருந்தாளி சீக்கிரம் திரும்பி வர, பதறிப்போய் டிரைவை அப்படியே பிடுங்கிவிட்டாள். இரண்டு நாள் ஓட்டம் காற்றில் போயிற்று. அதற்குப் பிறகு வாசலில் மந்திரியே வந்து நின்றாலும், 'பத்திரமாக எடுக்கலாம்' என்று திரையில் வந்த பிறகுதான் எடுப்பாள். டப்பாவில் அரிசி போட்டதும் அவள் யோசனைதான், கொடைக்கானல் ஈரம் தீப்பெட்டியையே நமுக்க வைக்கிற ஈரம்.

ஆறு வருஷத்தில் அவள் வண்டி ஒரு இடத்தில்கூட முட்டியதில்லை. நாற்பதடி டிரெய்லரைக் கண்ணாடி பார்த்தே சந்துக்குள் பின்னால் விடுவாள். ஒரு லாரி பதினொன்றானது. 'வேலுத்தாய் டிரான்ஸ்போர்ட்' என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறையும். வேறு எதற்கும் அவள் பெயரை யாரும் வைத்ததில்லை.

இதற்கிடையில் பாண்டிச்செல்விக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வத்தலக்குண்டு சிவமுருகனின் மகன். சிவமுருகன் மலைப்பாதையில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், விபத்தே இல்லாமல் ஓட்டியதற்குக் கேடயம் வாங்கியவர். குடும்பத்தோடு வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். அவர்கள் கிளம்பும்போது சின்னச்சாமிக்குப் பெரிய மனசு பொங்கிவிட்டது. முந்தின வாரம் பழனிக்குப் போய் வாங்கிவந்த நாலு டப்பா பஞ்சாமிர்தம் சாமி அலமாரியில்தானே இருக்கிறது! ஒன்றை எடுத்துச் சம்பந்தி கையில் கொடுத்தார். எடுத்த இடம் காலியாகத் தெரியக் கூடாதென்று இன்னொரு டப்பாவை அங்கே நகர்த்தியும் வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அந்த அலமாரியில் அவர் கைவைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் வேலுத்தாய் ரிசப்ஷனில் உட்கார்ந்து, காலையில் முருகனுக்கு இடப்பக்கத்திலிருந்து எடுத்துவந்த டப்பாவைத் திறந்து, திரையைப் பார்த்தபடியே விரலை உள்ளே விட்டாள். விரல் பேரீச்சம்பழத்தில் போய் இடித்தது.

"என்னக்கா, இன்னைக்குப் பிரசாதமா?" என்று ஜெயமுருகன் கையை நீட்டினான். வேலுத்தாய் டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். ஒட்டிய விரலோடு புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஒரு டப்பாவுக்கா இந்தக் கூப்பாடு? இன்னும் மூணு கெடக்குல்ல" என்றார் சின்னச்சாமி.

"நாசமாப் போச்சு! எம் பொழப்பே அதுலதான இருந்துச்சு!"

மகளைக் கூப்பிட்டாள். மகள், "அம்மா, தயவுசெஞ்சு நீயாப் போன் போட்டுக் கேக்காத. பொண்ணோட அம்மா கேம் வெளையாடுதுன்னு தெரிஞ்சா அவங்க என்ன நெனைப்பாங்க? நான் பக்குவமாப் பேசுறேன், ரெண்டு நாள் பொறு" என்றாள்.

பொறுத்தாள். சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். அரிசிக்குள் கறுப்பாக ஏதோ இருக்கிறதே, செய்வினையோ என்று அவர்கள் ஆற்றில் தூக்கிப் போட்டிருந்தால்? ஆறு வருஷம், ஒரு கீறல்கூட இல்லாத ஆறு வருஷம். மகள் கல்யாணத்தைவிட லாரிதான் பெரிசா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் லாரிதான் கண்ணுக்குள் நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவமுருகன் தன் மாருதி வேனில் தனியாக வந்து இறங்கினார். கையில் டப்பா. சின்னச்சாமி தோட்டத்திலிருந்து வந்து வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார். வேலுத்தாய்தான் வாசலுக்கு வந்தாள்.

"தங்கச்சி, இது ஒங்களுதா?"

"ஆமாண்ணே. மாறி வந்துருச்சு."

"பையன் சொருகிப் பாத்தான். வேலுத்தாய் டிரான்ஸ்போர்ட், பதினோரு லாரின்னு வந்துச்சா, எங்க வீட்டம்மா தலைகால் புரியாம மூணு வீட்டுக்குப் போன் போட்டுருச்சு. அப்பறந்தான் வெளையாட்டுன்னு தெரிஞ்சது. ரெண்டு நாளா என்னோட பேச மாட்டேங்கிது." அவர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, நானும் ஓட்டிப் பாத்தேன்."

போச்சு. ஆறு வருஷக் கணக்கும் போச்சு என்று நினைத்தாள் வேலுத்தாய். "எத்தன எடத்துல முட்டுனீங்க?"

"ஒம்போது. ஒரு பாலத்தையும் சேத்து." கேடயம் வாங்கியவரின் முகம் தொங்கிப்போனது. "ஆனா ஒங்க வண்டிய நா தொடலை. அடுத்த டிரைவர் சீட்டுல கேக்காம ஒக்காந்தா எங்க டிப்போவுல அடி விழும். ஒங்க கணக்கப் பாத்தேன், ஒரு முட்டு இல்ல. அது அப்படியே கெடக்கு. நா எம் பேர்ல தனியா, புது டிரைவரா ஆரம்பிச்சுல்ல ஓட்டுனேன். பத்திரமா எடுக்கலாம்னு வந்த பெறகுதான் எடுத்தேன்."

வேலுத்தாய் டப்பாவை வாங்கிக்கொண்டாள். ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் பேசுகிற மாதிரி யாரும் அவளிடம் பேசியதே கிடையாது.

"இருட்டுறதுக்குள்ள எறங்கணும், வரட்டுமா?" சிவமுருகன் வேனில் ஏறினார். திருப்ப இடமில்லை, வாசலை அடைத்துக்கொண்டு பிக்கப் நின்றது. அவர் தலையை வெளியே நீட்டி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "டிரைவரம்மா, அந்த வண்டிய வெரசாக் கொஞ்சம் பின்னால எடுத்து விடுங்க."

குளியலறையிலிருந்து சின்னச்சாமி கத்தினார். "அய்யய்யோ, அவளுக்கு ஓட்டத் தெரியாது! இருங்க, நா வாரேன்!"

அதுதான் அவளை ஏற வைத்தது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள், டப்பாவைப் பக்கத்து சீட்டில் வைத்தாள், சாவியைத் திருகினாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடியும் குதித்தது.

"கிளட்ச்சு, தங்கச்சி! எடது காலு!"

விளையாட்டில் கிளட்ச்சே கிடையாது! இருபத்தாறு வருஷம் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்த புருஷனின் கால் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. மிதித்தாள், மெதுவாக விட்டாள். வண்டி நகர்ந்தது. கண்ணாடியை மட்டும் பார்த்து, தண்ணித் தொட்டிக்கும் பூண்டு மூட்டைக்கும் நடுவே பிக்கப்பை நேராகப் பின்னால் விட்டு நிறுத்தினாள். கடைசியில் கிளட்ச்சை மறந்து காலை எடுக்க, வண்டி ஒரு துள்ளுத் துள்ளி ஒற்றை மூட்டையைக் கவிழ்த்தது.

துண்டைக் கட்டிக்கொண்டு, காதில் சோப்பு நுரையோடு சின்னச்சாமி ஓடிவந்தார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். புதுக் கீறல் எதுவும் கிடைக்கவில்லை. சிவமுருகன் வேனைத் திருப்பி, ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு மலை இறங்கிப் போனார். பாதையில் எதிரே வரும் டிரைவருக்கு அவர் அடிக்கிற ஹாரன் அது.

"சாவியக் குடு" என்று கையை நீட்டினார் சின்னச்சாமி.

வேலுத்தாய் டப்பாவைத் திறந்து, டிரைவுக்குப் பக்கத்தில் அரிசிக்குள் சாவியைப் புதைத்து, மூடியை அழுத்தி மூடினாள்.

"ஏய், நாளைக்கு வெள்ளனே வடுகபட்டிக்குப் போகணும்!"

"போவோம். கடையில எல் போர்டு வாங்கிட்டு வாங்க, சாவி தாரேன்" என்று சொல்லிவிட்டு, கொட்டிய பூண்டைப் பொறுக்கக் குனிந்தாள்.