கறுப்புக் கட்டத்தில் அம்மா

இன்று காலை நாளிதழின் மை விரலில் ஒட்டியது. அதை முகர்ந்ததும், 2006இல் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா திறந்த தையல் கடை நினைவுக்கு வந்தது.

திறந்து மூன்று மாதமாகியும் யாரும் துணி கொண்டுவரவில்லை. கடையை மூடுவதற்கு முன் கடைசி முயற்சியாக, நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் விளம்பரம் கொடுத்தார். சிரிக்காத பாஸ்போர்ட் படம், கீழே பெயரும் தையல் கடை விவரமும், சுற்றிலும் கறுப்புக் கட்டம். அது கண்ணீர் அஞ்சலிகளுக்கு நடுவில் அச்சாகியிருந்தது.

அன்றே சேத்தியாத்தோப்பு மாமா ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். கையில் ரோஜா மாலை. அப்பாவின் சட்டைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி, உசுரோடயா இருக்க?"

"கீழ எழுதியிருந்ததப் படிக்கலியாண்ணா?"

"மூஞ்சியப் பாத்ததுமே கண்ணு கலங்கிடுச்சு. எங்கேர்ந்து படிக்கிறது?"

"ஒரு போனாவது போட்டிருக்கலாம்ல?"

"போட்டா யாரு எடுப்பா? நீதான் போயிட்டியே!"

அழுதபடி வந்த அத்தைகள் சிரித்தபடி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தார்கள். கூட்டத்தைப் பார்த்துத் தெருப் பெண்களும் உள்ளே வந்தார்கள்.

"அடுத்த வாரம் சிரிச்ச போட்டோவா குடுத்துடலாமா?" என்று கேட்டார் அப்பா.

"அதையே போடுங்க," என்றார் அம்மா. "பெண்ணாடத்துச் சொந்தம் இன்னும் வரலியே."