பீச்சாங்கைக் கதாநாயகன்

பெர்னாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பூசை. காலையில் கோயிலில் ஒன்று, மாலை நான்கு மணிக்குக் கைப்பேசியில் ஒன்று. முதல் பூசையில் அவர் வாயை மூடிக்கொண்டு கேட்பார். இரண்டாவதில் முப்பத்தெட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டு அவரைக் கேட்பார்கள். இரண்டில் எது ரொம்பப் பிடிக்கும் என்று ஃபாதர் இதுவரை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.

அந்த முப்பத்தெட்டுப் பேரும் 'படம் எப்படி?' என்ற வாட்சாப் குழுவில் இருப்பவர்கள். ரவாங் தொழிற்சாலையில் பெர்னாட்டோடு வேலை செய்த முகுந்தன் ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸில் படத்தைப் பற்றிச் சண்டை போட்டவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் சண்டையை விட மனமில்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு. பிறகு தம்பி, மச்சான், மச்சானின் ஆபீஸ் கூட்டாளி என்று ஆள் சேர்ந்துவிட்டது. ஞாயிறு நான்கு மணிக்கு ஒருவர் பழைய படம் ஒன்றைப் பற்றிப் பேசிப் பதிவு போடுவார், இன்னொருவர் புதிய படத்தைப் பற்றி. அப்புறம் எல்லாரும் அடித்துக்கொள்ளலாம். பழைய படம் என்றால் பெரும்பாலும் பெர்னாட்தான். புதிய படத்தையும் அவர் சும்மா விடமாட்டார். "இப்ப உள்ள ஹீரோலாம் கதவத் தொறந்து வெளிய வர்றதுக்கே மூணு நிமிசம் எடுக்குறான் லா. கால் வலின்னா கிளினிக்குக்குப் போறதுதான?" என்று ஒருமுறை கேட்டார். இளசுகள் இரண்டு நாள் கொதித்தார்கள். அந்த இரண்டு நாளும் பெர்னாட் சந்தோஷமாக இருந்தார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. புக்கிட் ரோத்தானில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார். மனைவி டொரீன் போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் ஜோலீன் சிங்கப்பூரில், தினமும் "சாப்டாச்சாப்பா?" என்று எழுதுவாள், இவர் "ஆச்சு" என்று எழுதுவார், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும். திங்கள் முதல் சனி வரை அவர் வாயிலிருந்து வருவது ரொட்டிக் கடையில் "ரெண்டு கோசோங், ஒரு தே ஓ" என்பதுதான், அதாவது இரண்டு வெறும் ரொட்டி, ஒரு பால் விடாத தேநீர். கடைக்காரருக்கு அதுவும் மனப்பாடம் ஆகிவிட்டதால் இப்போது தலையை மட்டும் ஆட்டினால் போதும். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மனுஷனுக்குப் பேச ஆள் இல்லை. ஞாயிறு நான்கு மணி இல்லையென்றால் அந்த வாரமே அவருக்கு இல்லை.

குழுவில் ஒரு சட்டம் இருந்தது. படத்தைப் பற்றித் தப்பான தகவல் சொல்லி மாட்டிக்கொண்டால் ரெட் கார்ட். நான்கு ஞாயிறு கேட்கலாம், படிக்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் பெர்னாட்தான். கலர் படத்தைக் கறுப்பு வெள்ளை என்று எவனோ உளறியதைப் பொறுக்காமல் கொண்டுவந்தார். சிவப்புச் சதுரத்தை அவரே கையோடு ஒட்டுவார். திலகம் டீச்சர் ஒரு படத்தின் இடைவேளைக் காட்சியை மாற்றிச் சொன்னபோது, "டீச்சரா இருந்தாலும் சட்டம் சட்டம்தாம்மா" என்று ஒட்டினார். திலகம் அந்த நான்கு வாரமும் எப்படி இருந்தார் என்று பெர்னாட் யோசித்ததே இல்லை.

பெர்னாட்டின் பேர் சொல்லும் சரக்கு ஒன்று உண்டு. அது படகோட்டி ஒருவனைப் பற்றிய, பேர்கூட யாருக்கும் தெரியாத ஒரு பழைய படம். பத்து வயதில் எஸ்டேட்டில் பார்த்தது. அதன் பிறகு அந்தப் படம் தொலைக்காட்சியில் வரவில்லை, கேசட்டில் வரவில்லை, எதிலும் வரவில்லை. குழுவில் அதைப் பார்த்தவர் வேறு யாரும் கிடையாது. யாரும் பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவதில் உள்ள வசதி உங்களுக்கே தெரியும்.

"பொண்ணோட அப்பன் அவன ஏன் வேணான்னு சொன்னான்? ஏழைன்னா? இல்ல லா," என்று தொடங்குவார். "அவன் பீச்சாங்கைக்காரன். தாம்பூலத்த எந்தக் கையில வாங்குறான்? பீச்சாங்கை. பொண்ணுக்கு வளையல் போட்டு விடுறது? பீச்சாங்கை. கடைசியில ஜெயில்ல உக்காந்து கடுதாசி எழுதுறானே, அதுவும் பீச்சாங்கை. டைரக்டரு வாயால ஒரு வார்த்த சொல்லல. ஊரு ஒதுக்குற மனுசன அந்தக் கையில காட்டுறாரு. இப்ப எவனுக்கு இந்த மூளை இருக்கு?"

மூன்று வருடத்தில் இதை ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூடியது. குழுவில் சிலர் அவரைச் செல்லமாக 'பீச்சாங்கை அங்கிள்' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

போன ஆகஸ்டில் முதல் ஞாயிறு, ஷர்வின் ஒரு வீடியோ போட்டான். முகுந்தனின் அக்கா மகன், ரவாங்கில் கணினி வேலை செய்பவன். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படகோட்டி படத்தை முழுசாக யூடியூபில் ஏற்றியிருக்கிறார். ஷர்வின் அதிலிருந்து மூன்று துண்டு வெட்டி ஒட்டியிருந்தான். தாம்பூலம், வளையல், கடிதம். மூன்றிலும் கதாநாயகனின் கையைச் சுற்றி மஞ்சள் வட்டம். மூன்றும் சோத்தாங்கை.

"அங்கிள், வாட் ஹேப்பண்ட்?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

சிரிக்கும் முகங்கள் சரசரவென்று விழுந்தன. பெர்னாட் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். படத்தை எவனோ திருப்பிப் போட்டிருக்கிறான் என்று எழுதினார். ஷர்வின் உடனே இன்னொரு துண்டு போட்டான்: படகின் பெயர் எழுத்து நேராகவே இருந்தது.

முகுந்தன்தான் ஒட்டினார். "மன்னிச்சிக்கங்கண்ணே. நீங்க போட்ட ரூல்தான். நாலு வாரம் ரெஸ்ட் எடுங்க." கீழே சிவப்புச் சதுரம். திலகம் டீச்சர் ஒரு கைகூப்பும் படம் போட்டார். அவர்களுக்கு இது விளையாட்டு. விளையாட்டுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. பெர்னாட் கைப்பேசியை மேசைமேல் குப்புற வைத்துவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

ஆனால் அவர் பார்த்தது பீச்சாங்கைதான். கர்த்தர்மேல் சத்தியமாகப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம், காய வைத்த போர்வையை எடுக்கப் பின்கட்டுக்குப் போனபோது புரிந்தது. போர்வைக்கு அந்தப் பக்கம் வெயில். துணியில் அச்சடித்த பூவெல்லாம் இந்தப் பக்கமும் தெரிந்தது, இடம் வலம் மாறி.

அவருடைய அப்பா எஸ்டேட் கோயிலில் உபதேசியார். சினிமா பாவம் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, திடலில் படம் போடும் அன்று வேதக்காரக் குடும்பங்களை எண்ணிப் பார்க்க டார்ச் லைட்டோடு வருபவர். மற்றவர்கள் திரைக்கு முன்னால் உட்காரலாம். உபதேசியார் பிள்ளைகள் எங்கே உட்காருவது? வீட்டு ஜெபமாலை முடிந்து, அப்பா அந்தப் பக்கம் போனதும், பெர்னாட்டும் அக்கா மேகியும் கால்வாய் ஓரமாக ஓடி வெள்ளைத் துணிக்குப் பின்னால் போய் உட்கார்வார்கள். அதற்குள் எழுத்துப் போட்டு முடிந்திருக்கும். படத்தை அவர் முழுக்க முழுக்கப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அப்படியானால் படத்தில் எல்லாருமே பீச்சாங்கையில்தானே சாப்பிட்டிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பத்து வயதுப் பையன் கதாநாயகனை விட்டு வேறு யாரைப் பார்த்தான்? மற்ற இரண்டு மூன்று படங்களைப் பிறகு டிவியில் முன்பக்கமாகப் பார்த்து ஞாபகம் நேராகிவிட்டது. இது ஒன்றுதான் தப்பியது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. போர்வையைக் கையில் பிடித்தபடி தனியாக நின்று சிரித்தார். இதைவிடப் பெரிய கதை அந்தக் குழுவுக்குக் கிடைக்குமா? உடனே பேசிப் பதிவு செய்தார், ஏழு நிமிடம். அனுப்பப் போனவர் விரலை எடுத்துவிட்டார். நான்கு ஞாயிறு. சட்டம் போட்டவனே மீறினால் என்ன மரியாதை?

அடுத்த ஞாயிறு நான்கு மணிக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய படத்துக்குத் திலகம் டீச்சர் பேசினார், அழகாகவே பேசினார். அதற்கடுத்த ஞாயிறு ஏதோ புதுப் படம் வந்திருந்தது. நூற்று எண்பது செய்தி. மூன்றாவது ஞாயிறு அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். அங்கிள் எங்கே, அங்கிள் இருந்தால் என்ன சொல்லியிருப்பார், ஒருவராவது கேட்டிருப்பார்களா என்று தேடினார். யாரும் கேட்கவில்லை. பீச்சாங்கைக் கதையையும் மறந்துவிட்டார்கள். அவர் இல்லாமலே குழு நன்றாக நடந்தது. அதுதான் அவருக்கு வலித்தது.

அந்த ஏழு நிமிடத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. ராசா என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கும் அக்கா மேகியைக் கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ்தான் அவர் கூப்பிடுவார், அதுவும் இரண்டு நிமிடம். முப்பத்தெட்டுப் பேருக்கு வாராவாரம் மணிக்கணக்கில் பேசிய மனுஷன் அவர்.

"என்னாடா, யாருக்கு என்னா ஆச்சு?" என்றுதான் மேகி போனை எடுத்தார். ஆகஸ்ட் மாதக் கடைசியில் தம்பி கூப்பிட்டால் வேறு என்ன நினைப்பார்?

"ஒண்ணும் ஆகலக்கா. சும்மாதான்."

"சும்மாவா?" மேகிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒடம்பு கிடம்பு?"

"நல்லாதான் இருக்கேன். அக்கா, நம்ம துணிக்குப் பின்னால உக்காந்து படம் பாப்போமே, ஞாபகம் இருக்கா? அந்தப் படகோட்டி படம்."

"ம்."

"அதுல ஹீரோ எந்தக் கையில எழுதுவான், சொல்லு பாப்போம்."

மறுமுனையில் பேரப்பிள்ளை எதையோ தட்டும் ஓசை கேட்டது.

"எனக்கு எப்புடிடா தெரியும்?" என்றார் மேகி. "நான் படத்த எங்க பாத்தேன்? துணிக்கு முதுகு காட்டித்தான உக்காந்திருந்தேன்."

"ஏன்?"

"ஏனா? அப்பா டார்ச் லைட்டு எந்தப் பக்கம் வருதுன்னு பாக்க ஒரு ஆள் வேணாமா? ரெண்டு பேரும் படத்தப் பாத்தா யாரு லா கால்வாயப் பாக்குறது? வெளிச்சம் வந்தா ஒஞ் சட்டையப் புடிச்சி இழுக்கணும்னு, படம் முழுக்க என் கை ஒன் காலர்லதான் இருக்கும். நீ வாயத் தொறந்துகிட்டு உக்காந்திருப்ப."

பெர்னாட் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்துக்குப் பின்னால் அந்தக் கை இருந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. பயமான காட்சி வந்தால் அக்கா பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தார். ஐம்பத்து மூன்று வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தார்.

"ஒரு படம்கூடவா பாக்கல?" என்றார்.

"சத்தம் கேப்பேன். பாட்டு கேப்பேன். நீ மறுநாளு கதை சொல்லுவேன்னு நெனைப்பேன். நீ கூட்டாளிங்ககிட்ட ஓடிப் போயிருவ."

மன்னிச்சிக்கக்கா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மேகி முந்திக்கொண்டார்.

"ஆமா," என்றார் மேகி, "அந்தப் படத்துல கடைசியில என்னாடா ஆச்சு? ஒரு பொம்பள அழுதாளே, யாரு செத்தா?"

"யாரும் சாவலக்கா," என்றார் பெர்னாட்.

அப்புறம் படத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.