வேனில் படித்த பத்துச் சொற்கள்

எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். இப்படிப்பட்டவள் பேனா பிடிக்கத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிள்ளானில் என் அத்தை வீட்டு வாசல் கேட்டில் ஒரு சிவப்பு ரப்பர் பட்டை கட்டியிருக்கிறது. நிறம் வெளுத்து, நடுவில் இழுபட்டு மெலிந்துவிட்டது. அதைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு வருகிறது. அது நிம்மதிப் பெருமூச்சு. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்தேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மாமா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். நான் இருந்தது இரண்டு தெரு தள்ளி. ஒரு நாள் காலை அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி புகையைப் பார்த்து, என்னிடம் சாவி இருப்பது தெரிந்து, போன் பண்ணினார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து அடுப்பை அணைத்தேன். பானை கருகியதோடு போயிற்று. ஆனால் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அத்தை மகன் அன்று மாலையே வந்து நின்றான்.

"இனிமே தனியா இருக்க வேணாம்மா. வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துருங்க."

அவன் வீடு அடுக்குமாடியில், மிக உயரத்தில். அங்கே போனால் அத்தை சன்னலோரம் உட்கார்ந்து கீழே போகும் கார்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேச்சு நின்றுவிடும். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ஆய்வு ஒன்று தொடங்கியது. வயதானவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, அதனால் ஞாபக சக்தி கூடுகிறதா என்று பார்ப்பார்களாம். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஞாபகச் சோதனை உண்டு. கிள்ளான் ஆட்களை ஏற்றிப்போக வேன் வரும். அத்தை பெயர் கொடுத்தார். துணைக்கு நான் போனேன். மகன் ஒத்துக்கொண்டான், ஆனால் கறாராக ஒன்று சொன்னான். "கடைசி டெஸ்ட் வரைக்கும் பாக்கறேன். மார்க் கொறஞ்சா நீங்க வந்துரணும்."

ஆய்வு செய்யும் பெண்ணுக்குச் சின்ன வயது, நம் தமிழ்ப் பிள்ளைதான். பத்துச் சொற்களை நிதானமாக வாசித்தாள். "நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க ஆன்டி" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டாள். அத்தைக்கு மூன்றுதான் வந்தது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வேனில் வரும் தையல்கார அங்கிளுக்கு அதுவும் இல்லை. திரும்பும்போது அவர் தலை குனிந்தே இருந்தார். அத்தையால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"குடை யாருக்கு வந்திச்சு? எனக்கு வந்திச்சு. வேற யாருக்கு என்ன வந்திச்சு, சொல்லுங்க."

ஒருவர் ஆணி என்றார். ஒருவர் பாலம் என்றார். பின் சீட்டிலிருந்து மாம்பழம் வந்தது. நெரிசலில் வேன் ஊர்ந்து கிள்ளானை நெருங்குவதற்குள் பத்தும் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து போகும்போதும் வரும்போதும், சின்ன வயதில் ரப்பர் தோட்டப் பள்ளியில் வாய்ப்பாடு சொன்ன ராகத்தில், குடை, ஆணி, மாம்பழம், பாலம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். வேன் ஓட்டும் தம்பிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இது தப்பு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பரீட்சை என்றால் படிப்பதுதானே.

நடுச் சோதனையில் அதே பத்துச் சொற்கள். அத்தை வரிசை மாறாமல் சொன்னார். தையல்கார அங்கிளும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்லி, எழுந்து நின்று சிரித்தார். அந்தப் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. உடற்பயிற்சி இவ்வளவு வேலை செய்கிறதே என்று பூரித்துப்போனாள். நான் மகனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

அன்று யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க அவள் வேனுக்கு வந்தாள். உள்ளே ராகம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ ஆன்டி! இது படிச்சுட்டு வர்ற டெஸ்ட் இல்லலா!"

"நீதானே கண்ணு ஞாபகம் வெச்சுக்கச் சொன்னே?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு வேன் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மார்க்கை நம்பித்தானே மகனுக்குச் சொன்னேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ, கீழே இறங்கிக் கேட்டேன். "அப்போ அத்தைக்கு ஞாபகம் நல்லா இல்லையாம்மா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "இந்த மார்க்கு எக்சர்சைஸால வந்துச்சுன்னு நான் இனி எழுத முடியாது அக்கா. ஒரே டெஸ்ட திரும்ப வெச்சா யாருக்குமே கொஞ்சம் கூடும். ஆனா, ஞாபகம் ரொம்பக் கொறஞ்சவங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் தங்காது. இவங்களுக்குத் தங்குது. அது நல்லதுதான். இருந்தாலும் இத வெச்சு நான் முடிவு சொல்லக்கூடாது. ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டுங்க."

நடந்ததை மகனிடம் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "அம்மா கிளாஸ் வேற நடத்தினாங்களா?" என்றான். குரலில் கோபம் இல்லை.

கடைசிச் சோதனைக்கு அவனே வந்தான். இந்த முறை சொற்கள் புதிது. வேனில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளை எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். அத்தைக்குப் பாதிக்கு மேல் வந்தது. முதல் தடவைபோல் மோசமில்லை, நடுவில் வந்ததுபோல் முழுசும் இல்லை. அடுத்த வாரம் மூவருமாக டாக்டரிடம் போனோம். அவர் நெடுநேரம் கேள்வி கேட்டுவிட்டு, இது வயதுக்கு ஏற்ற மறதிதான், ஆண்டுக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். வெளியே வந்ததும் மகன் காரின் மேல் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அத்தை, "பசிக்குதுடா" என்றார்.

இப்போது வேன் வருவதில்லை. ஆய்வில் கொடுத்த சிவப்புப் பட்டையைக் கேட்டில் கட்டி, அத்தை தினமும் காலையில் இழுக்கிறார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. குடை, ஆணி, மாம்பழம், பாலம் என்று சொல்லித்தான் இழுக்கிறார். சீன ஆன்டியும் கேட்டுக் கேட்டு, குடை வரைக்கும் தேறிவிட்டார்.

டாக்டரைப் பார்த்த மறுநாள் அத்தை மகன் கிள்ளானுக்கு வந்தான். கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டு, தானாக அணையும் மின் அடுப்பை வைத்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பெட்டாலிங் ஜெயாவுக்குத் திரும்பிப் போனான்.