வெள்ளைக்கிளியின் மரக்கரண்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு மரக்கரண்டி கிடக்கிறது. விளிம்பு முழுக்கப் பள்ளம் பள்ளமாகச் சிதைந்த கரண்டி. போன வாரம் பேத்தி அதைக் குப்பையில் போடப் போனாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன், பாவம், பயந்துவிட்டாள். அது நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த ஓர் அக்காவினுடையது.

எண்பதுகளில் நான் சங்ககிரி லாரியில் கல்கத்தா வரை சரக்கு ஓட்டினேன். ஊர் திரும்பும் நாட்களில் அக்காவின் பண்ணைக்கு மக்காச்சோளம் இறக்குவேன். கணவர் போன பிறகு ஆயிரக்கணக்கான முட்டைக்கோழிகளைத் தனி ஆளாகக் கட்டி மேய்த்தவர். அவர் அதட்டினால் கொட்டகையின் அந்தக் கோடியில் நிற்பவனும் ஓடிவந்து நிற்பான். எனக்கு மட்டும் சோறு போடாமல் அனுப்பியதில்லை.

கல்கத்தா பறவைச் சந்தையில் ஒருநாள் மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக்கிளிகளைப் பார்த்தேன். ஏதோ தீவில் பிடித்துக் கப்பலில் வந்தவையாம். கூண்டுக்குள் மூட்டை மாதிரி அடைத்திருந்தார்கள். இரண்டு வாங்கினேன். சேலத்தில் பணக்காரர் யாருக்காவது விற்று லாபம் பார்க்கத்தான். பொய் சொல்ல மாட்டேன். ஒரிசா தாண்டுவதற்குள் ஒன்று செத்துப்போனது. மற்றது கண் செருகிக் கிடந்தது. அதை யார் வாங்குவார்கள்? அக்காவிடம் நீட்டினேன்.

"அட என்ற சாமி! கொண்டையப் பாரு தம்பி, மாப்பிள்ளையாட்டம்!" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அது தேறியது. தேறியதும் கடிக்கத் தொடங்கியது. கதவு, கயிறு, கடைசியில் அக்காவின் விரல். கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கக் குஞ்சிலேயே சூடான தகட்டில் மூக்கு நுனியை வெட்டிவிடுவது பண்ணைகளில் வழக்கம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியமும் அது ஒன்றுதான்.

"கோழிக்கு வெட்டறமல்ல, இதுக்கும் வெட்டிப்புட்டாச் சாதுவா இருக்கும். நல்லாப் புடி தம்பி" என்றார். சாக்கில் சுற்றிப் பிடித்தவன் நான்தான். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

வெட்டுப்பட்ட கோழி மறுநாளே தீவனம் தின்னும். இது தின்னவில்லை. கடலையை எடுக்கும், நழுவவிடும், மறுபடி எடுக்கும். கம்பியைக் கவ்வி ஏறப் பார்த்துக் கீழே விழும். மூன்றாம் நாள் கால்நடை டாக்டர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இது கோழி இல்லீங்க அம்மணி. இதுக்கு வாயும் அதுதான், கையும் அதுதான். மறுபடி வளருற வரைக்கும் பட்டினி கெடந்தாப் போய்ச் சேர்ந்துரும்."

அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். "ஐயோ, நல்லதுன்னு நெனச்சு ஒரு உசுரோட கைய வெட்டிப்புட்டனே!" என்று கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று எடுத்த மரக்கரண்டிதான் இது. ராகிக் கூழ், மசித்த பப்பாளி, ஊறவைத்து அரைத்த கடலை என்று ஒரு நாளைக்கு ஆறு வேளை ஊட்டினார். வேறு யார் ஊட்டினாலும் அது வாய் திறக்காது. தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூடச் சீர்த் தட்டுகளோடு கூண்டையும் தூக்கிக்கொண்டு போனார். மணமேடையில் கெட்டிமேளம் முழங்க, மண்டபத்தின் பின்கட்டில் அக்கா, "இன்னொரு வாய் வாங்கிக்க கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவே இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் பண்ணை வாசலில் ஹாரன் அடிக்கும்போது, உயிரோடு இருக்குமா என்று கொட்டகைப் பக்கமே பார்த்தபடி நின்றேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், நான் லாரியை நிறுத்துவதற்குள் அக்கா ஓடிவந்தார். விரலில் சுற்றிய துணி ரத்தத்தில் நனைந்திருந்தது. மறு கையில் கரண்டி.

"கடிச்சுப்புடுச்சு தம்பி! கரண்டியப் பாரு, எப்படிக் கொதறி வெச்சிருக்குதுன்னு! என்ற வெரலையும் வுடல!" கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். அதன் பிறகு நான் எந்தச் சந்தையிலும் பறவை வாங்கவில்லை.

அந்தக் கிளி அக்காவுக்குப் பின்னும் உயிரோடிருந்தது. கரண்டியை மட்டும் அவர் நினைவாக நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது சேலத்தில் கடைக்குக் கடை அதே ஜாதிக் கிளிகள். போன வாரம் பேத்தி கேட்டாளே என்று ஒரு கடைக்குள் போனோம். "கையில வுடுங்க, கடிக்கவே கடிக்காது" என்று ஒரு கிளியை நீட்டினான் கடைக்காரப் பையன். நுனி மழுங்கியிருந்த அதன் மூக்கை ஒருகணம் உற்றுப் பார்த்துவிட்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கிளி வாங்காமல் வீட்டுக்கு வந்த கோபத்தில்தான் அவள் என் இழுப்பறையைக் குடைந்தாள். கரண்டியைப் பிடுங்கியதும், "ஓரமெல்லாம் இப்படிப் பிஞ்சு கெடக்கே, இதை எதுக்குத் தாத்தா வெச்சிருக்கே?" என்றாள்.

"நாங்க வெட்டுனது திரும்ப மொளச்சுதுங்கறதுக்கு, கண்ணு, எனக்கு இருக்கற சாட்சி இது ஒண்ணுதான்" என்றேன்.