ஆரோக்கியத்தின் சாத்தான் கேசட்

1. தீர்ப்போடு வந்தவர்

மாதா கோவில் உபதேசியார் கடைக்குள் வந்து ஷோகேஸ் கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் ஊன்றினார். "ஆரோக்கியம் குடுத்த சாத்தான் கேசட்ட எடு" என்றார். எதற்கு என்று கேட்டேன். கொளுத்தப் போவதாகச் சொன்னார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வில்லியனூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் நான் ஆபரேட்டர். சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, கல்யாண வீட்டு நாதஸ்வரம் எல்லாம் டபுள் டெக்கில் காப்பி போட்டுக் கொடுப்பேன். ஹெவி மெட்டல் என்கிற இங்கிலீஷ் கத்தல் பாட்டுக் கேசட் கொண்டுவந்தவன் ஆரோக்கியம் ஒருவன்தான். சேதராப்பட்டு ஃபேக்டரியில் வெல்டர். பிரான்சில் பட்டாளத்தில் இருந்த அவனுடைய சித்தப்பா மகன் லீவில் வரும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஒரிஜினல் தேய்ந்துவிடும் என்று காப்பி போட என்னிடம் விட்டிருந்தான்.

தப்பு என்று பார்த்தால் நடந்தது இவ்வளவுதான்: லெவல் சரிபார்க்க வெளி ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் போட்டேன். பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் உபதேசியாரும் இருந்தார். கத்தலுக்கு நடுவே 'சாத்தான்' என்ற ஒரு சொல் அவர் காதில் விழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் கண்ணில் அட்டைப்படமும் பட்டது. தலைகீழாக ஒரு சிலுவை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கேசட்டை நான் கொடுக்கவில்லை. கஸ்டமர் பொருளைக் கஸ்டமரிடம்தான் கொடுப்பேன் என்றேன். "அவனுக்கு ஓலை வாசிக்கிறத நிறுத்தறேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆரோக்கியத்துக்கும் பிலோமினாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில், அதாவது ஓலையில், முதலாவது வாசித்து முடிந்திருந்தது. சொன்னபடியே அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. ஊரார் முன்னால் கேசட்டைக் கொளுத்தி மன்னிப்புக் கேட்டால்தான் கல்யாணம் என்று ஆரோக்கியம் வீட்டுக்கு ஆள் போயிற்று. கோவிலை நடத்தும் பங்குச் சாமியாரும் உபதேசியார் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

2. பாட்டில் இருந்தது

அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. மாவு மில்லுக்குள் நின்றுகொண்டு சண்டை போடுவதுபோல இருக்கும். ஆனாலும் ஹெட்ஃபோனில் முழுசாகக் கேட்டேன். கேசட் உறைக்குள் பாட்டு வரிகளை அச்சடித்திருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

சண்டையில் எரிந்துபோன ஒரு கோவிலில் ஒருத்தன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். மேலே இருப்பவனைத் திட்டுகிறான். நீ கேட்காவிட்டால் கீழே இருப்பவனைக் கூப்பிடுவேன் என்கிறான், கூப்பிடவும் செய்கிறான். கடைசியில் டிரம்ஸ், கிட்டார் எல்லாம் நின்றுவிடும். கதவைத் தாழ் போடாதே, நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று மெதுவான குரலில் சொல்லுவான். யாரிடம் சொல்கிறான் என்று பாட்டில் இல்லை.

ஆரோக்கியத்திடம் கேட்டேன். அவனுடைய அண்ணன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு அவன் கோவில் பக்கமே போகாமல் இருந்தவன். "இந்தப் பாட்டக் கேட்டுதான்பா திரும்பிப் போனேன். என்ன மாதிரியே ஒருத்தன் திட்டறான், ஆனா எழுந்து போவாம அங்கியே குந்திக்கினு கீறான்னு தோணிச்சு" என்றான்.

இதைச் சாமியாரிடம் போய்ச் சொல்லேன் என்றேன். "கேக்கறவங்க கிட்ட சொல்லலாம்" என்றான்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கமும் ஒருவர் வந்தார். டீக்கடையில் உட்காரும் பகுத்தறிவுத் தோழர். கடவுளைக் கிழித்துப் போடும் பாட்டாமே, ஒரு காப்பி வேண்டும், தெருக்கூட்டத்தில் போட வேண்டும் என்று சந்தோஷமாகக் கேட்டார். முடிவு அப்படி இல்லை என்று சொன்னேன். "அத மட்டும் கட் பண்ணிடு" என்றார். உபதேசியார்மேல் வந்த கோபத்தைவிட இவர்மேல் எனக்கு அதிகம் வந்தது. அவராவது கேட்காமல் திட்டினார். இவர் வெட்டிக் கொண்டாடப் பார்த்தார்.

3. பிலோமினா கேட்டாள்

பிலோமினா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நேராகக் கடைக்கு வந்து, "அது இன்னா பாட்டுன்னு நானும் கேக்கணும்" என்றாள். ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். நடுவில் முகத்தைச் சுளித்தாள். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

"திட்டறானா, ஜெபம் பண்றானான்னு எனக்குத் தெரியல. எங்க அப்பா செத்தப்ப நான் பேசினதும் இப்பிடித்தான் இருந்திச்சு" என்றாள்.

அவளே உபதேசியார் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினாள் என்பதை ஆரோக்கியம் பிறகு சொன்னான். சிலுவையில் தொங்கியவரும் ஏன் என்னை விட்டுவிட்டாய் என்று கடவுளைப் பார்த்துக் கேட்டாரே, அந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து போயிருந்தால் அவரையும் இப்படித்தானே சொல்லியிருப்பீர்கள் என்றாளாம். உபதேசியார் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, பெண்ணையும் பிசாசு பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

4. முதலாளி செய்தது

கடை முதலாளி விவசாயக் குடும்பம். கரும்பும் நெல்லும் உண்டு, கடை உபரி. இந்துக் கோவில், மாதா கோவில், பள்ளிவாசல் என்று மூன்று இடத்துக்காரர்களும் அவருக்கு வாடிக்கை. நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார்.

கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் காது உடைந்திருந்தால் அதில் மறுபடி ரெக்கார்டு ஆகாது. ஒரிஜினலுக்குக் காது கிடையாது. அந்த ஓட்டையில் செலோ டேப் ஒட்டி, டெக்கில் போட்டு, இரண்டு பக்கமும் பக்திப் பாட்டு ஏற்றிவிட்டார். நான் போட்ட காப்பியிலும் அதேதான். "நமக்கு இன்னாத்துக்குப்பா வம்பு. இப்ப அதுவும் சாமி பாட்டுதான், அவங்களுக்கும் சந்தோசம்" என்றார்.

ஆரோக்கியம் வந்தபோது நானே போட்டுக் காட்டினேன். பக்திப் பாட்டுக் கோரஸ் வந்தது. அதை அணைக்கச் சொல்லவில்லை. ஒரு பாட்டு முடியும்வரை நின்று கேட்டான். "பாடறவரு நல்லாதான் பாடறாரு" என்று சொல்லிவிட்டுக் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கை வைத்தது கஸ்டமர் பொருள்மேல் என்று முதலாளியிடம் கத்தினேன். அத்தனை வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். சாவியை ஷோகேஸ்மேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

கேசட்டே அழிந்துவிட்டது, இனி கொளுத்த என்ன இருக்கிறது, மன்னிப்பு மட்டும் கேட்டால் போதும் என்று கோவில் தரப்பில் இறங்கி வந்தார்கள். பிலோமினா அவனை மன்னிப்புக் கேட்க விடவில்லை. இரண்டு பேரும் மேரியில், அதாவது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில், பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் நானும் ஒருத்தன். அவளுடைய அம்மா வரவில்லை. அடுத்த ஞாயிறு இருவரும் அதே கோவிலுக்குப் பூசைக்குப் போனார்கள். நன்மை என்னும் அப்பத்தைக் கொடுக்கும்போது சாமியார் இவர்களைத் தாண்டிப் போனார். அதற்கு அடுத்த ஞாயிறும் போனார்கள். வேறு சாமியார் மாற்றலாகி வரும்வரை அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் பாகூரில் சொந்தமாகக் கடை போட்டேன். இப்போது ஸ்டுடியோவில் உட்காரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பாட்டு சாமிக்கு எதிரியா இல்லையா என்று நம்மால் சொல்ல முடியாமல் போகலாம். பாடினவனுக்கே தெரியாமல் இருக்கலாம். அதை வைத்து, பாட்டைக் கேட்டவனுக்குத் தண்டனை கொடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை, அழிக்கும் உரிமை ஆபரேட்டருக்கும் இல்லை. பாட்டைப் பற்றிக் குறை சொல்லி யார் வந்தாலும் ஒரு நாற்காலியும் ஹெட்ஃபோனும் கொடுத்து, முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசலாம் என்பேன். உட்கார்ந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று போய்விட்டார்கள்.